எட்டாம் மாதக் குழந்தையும் தண்ணீர் பாட்டிலும்



"ஏழாம் மாசத்துல பொறந்தா பொழைக்கும், எட்டாம் மாசத்துல பொறந்தா பொழைக்காது." வள்ளூர், மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம் வளர்ந்த நம் வயதுக்காரர்கள் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. அண்மையில் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி எடுத்தது. அன்று மாலை டீக்கடையில் முதலில் காதில் விழுந்ததும் இதுதான். "எட்டாம் மாசமாம்பா, தங்குறது கஷ்டம்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

வெறும் பேச்சோடு போனால் பரவாயில்லை. தங்காது என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவு கட்டிவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் வேகம் குறைந்துவிடும். அதனால்தான் இந்தப் பதிவு. குறைமாதத்தில் பிறந்து மூச்சு விட முடியாமல் தவிக்கும் குழந்தையைக் காப்பாற்ற உலகம் என்னவெல்லாம் செய்து பார்த்தது, கடைசியில் எது கைகொடுத்தது என்ற கதை இது. நான் மருத்துவன் இல்லை. அனல்மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அழுத்தத்தை அளக்கும் கருவிகளோடு வாழ்க்கையைக் கழித்தவன் என்பதால் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

எட்டாம் மாத நம்பிக்கை நமக்கு மட்டும் உரியது இல்லை. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய நூல்களில், எட்டு மாதக் கருவைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் உண்டு. ஏழு மாதக் குழந்தை பிழைக்கும், எட்டு மாதக் குழந்தை பிழைக்காது என்று அதிலும் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உலகம் இதை நம்பி வந்திருக்கிறது. உண்மை இதற்கு நேர் எதிர். வயிற்றுக்குள் குழந்தை கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் அதன் நுரையீரலுக்கு லாபம்தான். ஏழு மாதக் குழந்தையைவிட எட்டு மாதக் குழந்தைக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

பிறகு ஏன் எட்டு மாதக் குழந்தைகளும் அத்தனை பேர் இறந்தார்கள்? வீட்டுப் பிரசவக் காலத்தை நினைத்துப் பாருங்கள். பிறந்ததும் அழாத குழந்தையை மருத்துவச்சி முதுகில் தடவுவார், உள்ளங்காலைச் சுண்டுவார், தண்ணீர் தெளிப்பார். சில குழந்தைகள் நன்றாக அழும். எல்லோரும் நிம்மதி அடைவார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் குழந்தை முனக ஆரம்பிக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழும், மூக்கு விடைக்கும், உதடு நீலம் பாரிக்கும். இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள் முனகல் நின்றுவிடும். எங்கள் குடும்பத்திலேயே அப்படி ஒரு குழந்தை போனது. பெயர்கூட வைக்கவில்லை. "தோஷம்" என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

அந்த முனகலுக்குக் காரணம் தெரிந்தது 1959-ல்தான். நம் நுரையீரலில் கோடிக்கணக்கான சின்னச் சின்னக் காற்றுப் பைகள் இருக்கின்றன. அவற்றின் உட்பக்கம் ஈரமாக இருக்கும். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒட்டினால் பிரிக்க முடியாமல் இழுத்துப் பிடிக்கும் அல்லவா? அதே மாதிரி அந்த ஈரம் காற்றுப் பையையும் உள்ளே இழுத்துச் சுருக்கப் பார்க்கும். அதைத் தடுக்கச் சோப்பு போல வேலை செய்யும் ஒரு பொருளை நுரையீரலே சுரக்கிறது. அதன் பெயர் சர்ஃபாக்டன்ட். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு 34, 35 வாரம் ஆகும்போதுதான் பெரும்பாலும் இது போதுமான அளவுக்குச் சேரும். அதற்கு முன்னால் பிறந்துவிட்டால், ஒவ்வொரு மூச்சு விடும்போதும் காற்றுப் பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அடுத்த மூச்சுக்கு மறுபடியும் முதலிலிருந்து ஊதித் திறக்க வேண்டும். புது பலூனை முதல் தடவை ஊதும்போது எவ்வளவு தம் பிடிக்க வேண்டியிருக்கிறது? அந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் அப்படித்தான். ஒன்றிரண்டு நாளில் களைத்துப்போகும்.

இந்தக் குழந்தைகளின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் போதவில்லை என்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கண்டுபிடித்தவர்கள் மேரி எலன் ஏவரி என்ற பெண் டாக்டரும் ஜெரி மீட் என்பவரும். ஏவரியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வருவார்.

காரணம் தெரிந்துவிட்டது, வைத்தியம் தெரியவில்லை. 1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். பேட்ரிக் என்று பெயர். ஐந்தரை வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டான். நம் கணக்கில் எட்டாம் மாதக் குழந்தை. எடை 2.1 கிலோ. நம் ஊரில் அந்த எடையில் பிறந்து இன்று பேரன் பேத்தி எடுத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் பேட்ரிக்குக்கு மூச்சுத் திணறல் வந்துவிட்டது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அதிக அழுத்தத்தில் ஆக்சிஜன் நிரப்பிய பெரிய அறைக்குள் வைத்தும் பார்த்தார்கள். 39 மணி நேரத்தில் உயிர் போய்விட்டது. உலகத்திலேயே வசதி மிகுந்த தகப்பன். ராணுவ ஆஸ்பத்திரியில் பிரசவம், பெரிய பெரிய டாக்டர்கள். அப்படியும் முடியவில்லை. அடுத்த மூன்றரை மாதத்தில் கென்னடியும் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தச் செய்தியை ரேடியோவில் கேட்டது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு முன் அந்த வீட்டில் நடந்த இந்தச் சாவைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

அடுத்து வந்தது இயந்திரங்களின் காலம். நுரையீரலுக்குத் தெம்பு இல்லையென்றால் இயந்திரம் மூச்சு விடட்டும் என்பதுதான் யோசனை. பெரியவர்களுக்கு அது ஏற்கெனவே பலன் கொடுத்திருந்தது. 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவி நூற்றுக்கணக்கானவர்களுக்கு மூச்சுத் தசைகள் செயலிழந்தபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர் சொன்ன வழியில், மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகக் கையால் பையை அமுக்கி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். இன்றைய ஐ.சி.யு.வின் தொடக்கம் அதுதான்.

பச்சைக் குழந்தை விஷயம் வேறு. நாம் ஒரு மூச்சுக்குச் சுமார் 500 மில்லி காற்றை இழுக்கிறோம். இரண்டு கிலோ குழந்தை இழுப்பது ஏறக்குறைய 10 மில்லி. ஒரு பாலாடையில் நாம் ஊற்றும் பால் அளவுதான். (நம் பாலாடை இன்று ஆங்கில மருத்துவ நூல்களிலும் அதே பெயரில் இடம்பிடித்திருக்கிறது. சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத குறைமாதக் குழந்தைக்குப் பால் புகட்ட அதைச் சொல்கிறார்கள்.) அந்தப் பாலாடை அளவுக் காற்றை நிமிடத்துக்கு நாற்பது தடவைக்கு மேல், கொஞ்சமும் கூடாமல் குறையாமல் கொடுக்க வேண்டும். 1961-ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மில்ட்ரெட் ஸ்டால்மன் என்ற பெண் டாக்டர், போலியோ நோயாளிகளுக்கான 'இரும்பு நுரையீரல்' பெட்டியின் குழந்தை வடிவத்தை வைத்து ஒரு குழந்தையைக் காப்பாற்றினார். கனடாவின் டொரோன்டோவில் மரியா டெலிவோரியா பாப்படோபுலோஸ் என்ற இன்னொரு பெண் டாக்டர், மூச்சுக்குழாயில் டியூப் போட்டுக் காற்றைச் செலுத்தும் முறையில் வெற்றி கண்டு 1965-ல் எழுதினார். பிறகு விமானியான ஃபாரஸ்ட் பேர்ட் 'பேபிபேர்ட்' என்று குழந்தைகளுக்கென்றே ஒரு வெண்டிலேட்டர் செய்தார். உயரத்தில் பறக்கும் விமானிகளுக்கு ஆக்சிஜன் கொடுக்கும் வால்வில் அவருக்கு இருந்த அனுபவம் இதற்கு உதவியது.

குழந்தைகள் பிழைத்தன. ஆனால் புதுத் தொல்லைகள் வந்தன. இயந்திரத்தின் அழுத்தம் தாங்காமல் சில குழந்தைகளுக்கு நுரையீரல் ஓட்டையானது. வாரக்கணக்கில் இயந்திரத்தில் இருந்த குழந்தைகளுக்கு நுரையீரல் தழும்பேறி நிரந்தர நோயானது. 1967-ல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் நார்த்வே இதைப் பதிவு செய்தார். ஆக்சிஜனிலும் இதே பாடத்தை அதற்கு முன்பே படித்திருந்தார்கள். 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்ததில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கண் பார்வை போயிற்று. உயிர் கொடுக்கும் ஆக்சிஜனே அளவு மீறினால் கண்ணைப் பறித்துவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. அந்தக் குழந்தைகள் ஏன் முனகுகின்றன என்று சிலர் கவனித்துப் பார்த்தார்கள். மூச்சை வெளியே விடும்போது குழந்தை தொண்டையைப் பாதி மூடிக்கொள்கிறது. அதனால் காற்று முழுவதும் வெளியே போய்விடாமல் உள்ளே கொஞ்சம் அழுத்தம் தங்குகிறது. காற்றுப் பைகள் முழுதாகச் சுருங்குவதில்லை. அதாவது, நம் பாட்டிகள் சாவின் அறிகுறி என்று நினைத்த முனகல், பிழைப்பதற்காக அந்தக் குழந்தை தானே கண்டுபிடித்த வைத்தியம்! தொண்டைக்குள் டியூப் போட்டால் முனக முடியாது, நிலைமை மோசமாகும் என்பதும் தெரிந்தது.

1971-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி என்ற டாக்டர் இந்த முனகலையே சிகிச்சையாக மாற்றினார். மூச்சைக் குழந்தையே விடட்டும். நாம் எப்போதும் ஒரு மெல்லிய அழுத்தத்தை மட்டும் உள்ளே வைத்திருப்போம், பைகள் சுருங்காமல் இருக்கும். இதைத்தான் 'சிபாப்' என்கிறார்கள். முதலில் 20 குழந்தைகளுக்குச் செய்து பார்த்தார். 16 குழந்தைகள் பிழைத்தன.

அந்த மெல்லிய அழுத்தம் எவ்வளவு? சுமார் 5 சென்டிமீட்டர் தண்ணீர். இதைப் படித்தபோது எனக்கு வேலைக் காலம் நினைவுக்கு வந்தது. பாய்லரின் ஃபர்னஸ் டிராஃப்டை நாங்கள் மில்லிமீட்டர் தண்ணீர்க் கணக்கில்தான் அளப்போம். யு டியூபில் தண்ணீர் மட்டம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதுதான் அளவு. அந்தக் கணக்கில் இந்த அழுத்தம் 50 மில்லிமீட்டர். சைக்கிள் டியூபில் இருக்கும் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை ஐந்து சென்டிமீட்டர் ஆழம் விட்டு ஊதிப் பாருங்கள். குமிழி கிளம்புவதற்கு எவ்வளவு தம் பிடிக்கிறீர்களோ, அதுதான் அந்த அழுத்தம்.

கருவியும் ஏறக்குறைய அதேதான். வெதுவெதுப்பாக்கி ஈரமாக்கிய காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து குழந்தையின் மூக்கு வழியாகக் கொடுக்கிறார்கள். வெளியே வரும் குழாயின் முனை ஒரு பாட்டில் தண்ணீரில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும். குமிழி விட்டுக்கொண்டே இருந்தால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். குமிழி நின்றால் எங்கோ காற்றுக் கசிகிறது என்று நர்ஸுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். மீட்டரும் வேண்டாம், அலாரமும் வேண்டாம். இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்காகச் சொல்கிறேன், இதைவிட நம்பகமான அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவியை நான் பார்த்ததில்லை.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜென் டியன் வுங் என்ற டாக்டர் இந்தத் தண்ணீர் பாட்டிலை விடாமல் பிடித்துக்கொண்டார். மற்ற இடங்களில் புதிது புதிதாக வெண்டிலேட்டர் வந்தபோதும், முதலில் பாட்டில், அதில் முடியாவிட்டால்தான் இயந்திரம் என்று இருந்தார். 1987-ல் அமெரிக்காவின் எட்டு மருத்துவ மையங்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. எங்கே குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் கெடுவது குறைவு என்பதுதான் கேள்வி. கொலம்பியாவில்தான் குறைவு. அந்த ஆய்வை நடத்தியவர் யார் தெரியுமா? நோயின் காரணத்தை 1959-ல் கண்டுபிடித்த அதே மேரி எலன் ஏவரி!

இன்னும் இரண்டு பேரைச் சொல்லாமல் விடக்கூடாது. ஜப்பானின் டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளின் நுரையீரலுக்குள் செலுத்திப் பலன் கண்டு 1980-ல் எழுதினார். நியூசிலாந்தின் கிரகாம் லிகின்ஸ், ஆடுகளை வைத்து ஆராய்ச்சி செய்தவர். ஸ்டீராய்டு மருந்து கொடுத்தபின் குறைமாதத்தில் பிறந்த ஆட்டுக்குட்டிகள், எதிர்பார்த்ததற்கு மாறாக மூச்சு விட்டதைப் பார்த்தார். ராஸ் ஹவி என்ற டாக்டரோடு சேர்ந்து தாய்மார்களுக்குக் கொடுத்துப் பார்த்து 1972-ல் வெளியிட்டார். பிரசவத்துக்கு முன்பே தாய்க்குப் போடும் அந்த ஊசி, குழந்தையின் நுரையீரலை விரைவில் பக்குவப்படுத்துகிறது. சில ரூபாய் மருந்து. 2014-ல் இந்திய அரசு, 24 முதல் 34 வாரத்துக்குள் வலி எடுக்கும் தாய்க்குக் கிராம சுகாதார செவிலியரே இதன் முதல் ஊசியைப் போட்டு மேல் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. இந்தியாவும் சேர்ந்த ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு, நல்ல வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் இந்த ஊசி உயிர் காக்கிறது என்று 2020-ல் உறுதிப்படுத்தியது.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் பகுதிப் பெண்களுக்குப் பிரசவம் சிக்கலானால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிதான். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று நம் பெரியவர்கள் சொன்ன ஸ்டான்லியோடு சேர்ந்தது. அதையும் தாண்டினால் எழும்பூர். மெட்ராஸில் குழந்தை மருத்துவத்துக்கு அடித்தளம் போட்ட டாக்டர் எஸ்.டி. ஆச்சார் எழும்பூரில்தான் பணியாற்றினார். பச்சிளம் குழந்தைகளுக்கு வெண்டிலேட்டர் வைப்பது நம் நாட்டில் 1980-களில் ஒரு சில பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் ஆரம்பித்தது. அந்த மருத்துவத்துக்கான தேசிய அமைப்பு 1980-ல்தான் உருவானது. இன்று மாவட்ட ஆஸ்பத்திரிகள் வரை பச்சிளம் குழந்தைகளுக்குத் தனி சிகிச்சைப் பிரிவு வந்துவிட்டது. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2011 முதல் அரசு ஆஸ்பத்திரியில் பச்சிளம் குழந்தையின் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர், இன்குபேட்டர் போன்றவற்றைச் செய்யும் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நம் சென்னைக் கம்பெனிதான்.

பலன் கணக்கில் தெரிகிறது. 1971-ல் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் 113 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ல் அது 13. தடுப்பூசி, தாய்மார்களின் படிப்பு, ஆஸ்பத்திரிப் பிரசவம் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் மிச்சம் இருக்கும் சாவுகளில் பெரும்பகுதி பிறந்த முதல் மாதத்தில் நடப்பவை. குறைமாதம் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நம் பகுதிக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. வள்ளூரிலிருந்து ராயபுரம் சுமார் 20 கிலோமீட்டர்தான். வழியில் எத்தனை கன்டெய்னர் லாரி வரிசையாக நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மூச்சுத் திணறும் குழந்தைக்கு அந்தச் சாலையில் போகும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. வழியில் உடம்பு குளிர்ந்துவிட்டால் மூச்சு இன்னும் மோசமாகும். அதனால்தான் டாக்டர்கள் ஒன்று சொல்வார்கள்: குழந்தையை அனுப்ப நல்ல ஆம்புலன்ஸ் தாயின் வயிறுதான். பிறந்தபின் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வலி எடுத்ததுமே தாயைப் பச்சிளம் குழந்தைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். ஸ்டீராய்டு ஊசி வேலை செய்யவும் பிரசவத்துக்கு முன்னால் நேரம் வேண்டும். "எட்டாம் மாசம்தானே, சூட்டு வலியா இருக்கும், சீரகத் தண்ணி குடி" என்று வீட்டில் உட்கார்ந்தால் அந்த நேரம்தான் வீணாகிறது.

அப்படியும் வழியிலோ வீட்டிலோ பிறந்துவிட்டால், உடனே துடைத்து, தாயின் வெறும் மார்போடு அணைத்துப் போர்த்த வேண்டும். குளிப்பாட்டவே கூடாது. தோலோடு தோல் சேர்த்து அணைப்பது சும்மா பாசத்துக்கு இல்லை. எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே இப்படி வைத்துப் பார்த்ததில் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்று 2021-ல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வு சொல்கிறது. அதில் நம் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனைக் குழந்தைகளும் உண்டு. குழந்தை முனகுகிறதா, நெஞ்சில் குழி விழுகிறதா, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா, உதடும் நாக்கும் நீலமாக இருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இந்த அறுபது எழுபது வருடக் கதையில் எனக்குப் புரிந்தது இதுதான். வெண்டிலேட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாமல் பிழைக்காத குழந்தைகள் இன்றும் உண்டு. ஆனால் அது கடைசி வரிசையில் நிற்க வேண்டியது. அதற்கு முன்னால் ஓர் ஊசி, தாயின் மார்புச் சூடு, ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர், குமிழியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு நர்ஸ். இவை நேரத்துக்குக் கிடைத்தால் பல குழந்தைகளுக்குப் பெரிய இயந்திரமே தேவைப்படாது. 1963-ல் அமெரிக்க ஜனாதிபதிக்குக் கிடைக்காத வைத்தியம் இன்று ராயபுரத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. நாம் செய்ய வேண்டியது நேரத்தோடு போய்ச் சேருவதுதான்.

எங்கள் தெருப் பெண்ணுக்குப் பிறந்தது பெண் குழந்தை. நான்கு நாள் தண்ணீர் பாட்டிலின் துணையோடு மூச்சு விட்டது. இப்போது தாயும் சேயும் வீட்டில்.

அடுத்த தடவை டீக்கடையில் யாராவது "எட்டாம் மாசம்" என்று ஆரம்பித்தால், நம் வயதுக்காரர்கள்தான் முதலில் மறுத்துச் சொல்ல வேண்டும். நாம் சொன்னால் கேட்பார்கள்.